ஆணிக்கு ஃபாரின் சோப்பு

திருக்காட்டுப்பள்ளி வட்டாரத்தில் எந்த மணப்பெண்ணும் எங்கள் ஊர்த் தச்சர் பவுடர் பாய் செய்த அலமாரி அளவுக்கு அலங்காரம் செய்துகொண்டதில்லை. சத்தியம் செய்து சொல்வேன். அலமாரியை விடுங்கள், மரம் சீவும் பாயின் இழைப்புளிக்கே தினமும் கோல்டு கிரீம் உண்டு. “மழைக்காலம்மா, பிளேடு துருப்பிடிச்சுடும்” என்பார். அதைத் தடவும் விரல்களிலோ வெடிப்பு வெடிப்பாக இருக்கும். அதற்கு ஒரு பொட்டு வைக்க மாட்டார்.

அவருடைய பட்டறை எங்கள் வீட்டுக்கு அடுத்தது. அவர் மனைவி பாயம்மாவின் அண்ணன் குவைத்தில் இருக்கிறார். லீவில் வரும்போதெல்லாம் தங்கைக்கு ஒரு பெரிய அட்டைப்பெட்டி கொண்டுவருவார். சோப்பு, பவுடர், கிரீம், டூத் பேஸ்ட் எல்லாம் வாசனையோடு வீட்டு வாசலில் இறங்கும். ஒரு வாரத்தில் எல்லாம் நடந்தே பட்டறைக்குப் போயிருக்கும். பவுடர் டிராயருக்கு, தூவினால் சிக்காமல் வழுக்கும். சோப்பு திருகாணிக்கு, தேய்த்து முடுக்கினால் தேக்கில் வெண்ணெயாக இறங்கும்.

“இந்த வீட்ல ஆணிக்கு ஃபாரின் சோப்பு, எனக்குத் துணி சோப்பு!” என்று பாயம்மா கத்துவது ஆற்றுக்கு அக்கரையில் நாற்றுப் பறிப்பவர்களுக்கும் கேட்கும்.

“உன்னைத் திருகி உள்ள இறக்கணும்னா உனக்கும் தர்றேன்” என்பார் பாய், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

ஒருநாள் ஒரு அம்மா டீபாயைத் தூக்கிக்கொண்டு வந்தார். சூடான காபி டம்ளர் வைத்து, பாலிஷில் வெள்ளை வட்டம் விழுந்திருந்தது. பாய் டூத் பேஸ்ட் பிதுக்கித் துணியால் தேய்த்தார். வட்டம் போய்விட்டது. “பல்லு விளக்கியாச்சு. வாய் கொப்புளிக்க வெச்சு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க.”

வெளுத்த பலகைக்கு ஹேர் டை பூசுவார். அவர் தாடி மட்டும் பஞ்சு மாதிரி வெள்ளை. கேட்டால், “எனக்கு வயசானா யாரும் திருப்பிக் கொண்டாந்து குடுக்க மாட்டாங்க. பீரோவைக் குடுத்துடுவாங்கல்ல?” என்பார்.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூட வாசல் மிதித்தவள் நான். எங்கள் வீட்டின் முதல் மேசையும் எனக்காக வந்ததுதான், பாய் செய்தது. அதன் டிராயரை இழுத்தால், குளிப்பாட்டிய குழந்தை வாசம் வரும். அந்த வாசத்தில் படித்துத்தான் இன்று தஞ்சாவூரில் ஒரு ஆபீசில் உட்கார்ந்திருக்கிறேன்.

குவைத் மச்சான் ஊரில் வீடு கட்டினார். கதவுகளைத் திருச்சியில் ரெடிமேடாக வாங்கிவிடலாம் என்றார். பாயம்மா விடவில்லை. “எங்க வீட்டுக்காரர் செஞ்ச கதவுதான் போடணும். ஒண்ணு சரியில்லன்னாலும் அப்புறம் உங்க வாசப்படி மிதிக்க மாட்டேன்” என்று அண்ணனிடம் சபதம் போட்டுவிட்டார். வீட்டில் திட்டுவது வேறு. பிறந்த வீட்டில் விட்டுக்கொடுப்பது வேறு.

குடிபோன நாளில் ஐப்பசி அடைமழை. ஓதி முடித்து, பிரியாணித் தட்டு வைக்கும் நேரம். சாரல் அடிக்கிறதே என்று யாரோ தலைவாசல் கதவைச் சாத்தப் போனார்கள். கதவு நிலை வரை வந்து, முட்டி நின்றுவிட்டது. தள்ளினார்கள், உதைத்தார்கள். அசையவில்லை. புதுத் தரையில் தண்ணீர் ஓடியது.

“அப்பவே சொன்னேன், திருச்சியில வாங்கலாம்னு” என்றார் மச்சான், எல்லோருக்கும் கேட்கும்படி.

பாயம்மாவின் முகம் தொங்கிவிட்டது. பாய் அதை மட்டும்தான் பார்த்தார்.

“கதவு மழையில குளிச்சு ஊதியிருக்கு மச்சான். இனிமேதானே அலங்காரம்?” என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். “பாப்பா, உன் பையில உதட்டுச் சாயம் இருக்குமே?”

இருந்தது. சம்பளத்தில் வாங்கியது. அது இருப்பது அம்மாவுக்குத் தெரியாது. அம்மா என்னைப் பார்த்த பார்வையில் பிரியாணி ஆறிப்போயிருக்கும்.

பாய் அதை வாங்கிக் கதவின் விளிம்பு முழுக்கப் பூசினார். தம் பிடித்து அழுத்திச் சாத்தி, மறுபடி திறந்தார். நிலையில் இரண்டு இடங்களில் ரோஸ் நிறம் ஒட்டியிருந்தது. “இங்கதான் முத்தம் குடுக்குறாங்க ரெண்டு பேரும்.” கூடவே கொண்டுவந்திருந்த இழைப்புளியால் கதவில் அந்த இடங்களை மட்டும் இழைத்தார். சுருள் சுருளாக ரோஸ் நிறச் சீவல்கள் விழுந்தன. கதவு நகர்ந்தது. ஆனாலும் கிறீச்சென்று இழுத்தது.

“சோப்பு வேணுமே.”

புது வீட்டில் அழுத்தினால் வழிகிற சோப்புதான் இருந்தது. பட்டறைச் சோப்பெல்லாம் இந்த வீட்டுத் திருகாணிகளிலேயே தீர்ந்திருந்தது. பாய் வெறுங்கையைப் பிசைந்தார்.

பாயம்மாவைக் காணோம். சற்று நேரத்தில் நனைந்துகொண்டே வந்தார். கையில் உறை பிரிக்காத குவைத் சோப்பு. தன் வீட்டுப் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு நடுவே, பாயின் கண்ணில் படாமல் ஒளித்து வைத்திருந்தது.

“இந்தாங்க” என்றார். அவ்வளவுதான்.

“இது நான் கொண்டாந்ததுல்ல?” என்றார் மச்சான்.

“ஆமாண்ணே. உங்க வீட்டுக்கே திரும்பி வந்துடுச்சு.”

பாய் உறையைப் பிரித்துத் தேய்த்தார். பிறகு கதவை ஒற்றை விரலால் தொட்டார். காற்று மாதிரி போய்ச் சாத்திக்கொண்டது. மச்சான் திறந்தார், மூடினார், குனிந்து மோந்தார். “அப்ப இத்தனை வருஷமா என் சோப்புல குளிச்சது யாரு?” என்று கேட்டார். பாயம்மாதான் முதலில் சிரித்தார்.

அடுத்த லீவில் இரண்டு அட்டைப்பெட்டிகள் வந்தன. ஒன்றில் ‘வீடு’, இன்னொன்றில் ‘பட்டறை’ என்று எழுதியிருந்தது. பாய் எழுத்தைப் பார்க்காமல் இரண்டையும் தூக்கிப்போனார். பாயம்மாவின் குரல் அக்கரைக்கு மறுபடி கேட்டது.

என் லிப்ஸ்டிக் மட்டும் மழுங்கி, மரத்தூளோடு திரும்பி வந்தது. “அடுத்த தடவை நல்ல சிவப்பா வாங்கும்மா. இந்த ரோஸ் கலரு தேக்குல சரியா எடுக்கல” என்று பாயின் குறை வேறு.

இப்போது லிப்ஸ்டிக் வாங்கும்போதெல்லாம், நல்ல சிவப்பாகப் பார்த்து இரண்டு எடுக்கிறேன். ஒன்றுதான் எனக்கு.