ஏழாவது பாட்டில் ஆற்று மண்

கடம்பத்தூர்
12.2.2009

தம்பி பூவராகவனுக்கு அக்கா சின்னப்பொண்ணு எழுதிக்கொண்டது. இங்கே யாவரும் சுகம். உன் கோபமும் சுகமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

பேரன் சபரிநாதனைக் கும்மிடிப்பூண்டி கம்பெனியில் பர்மனென்ட் ஆக்கிவிட்டார்கள். சின்னவன் பள்ளிக்கூடப் போட்டியில் குண்டு எறிந்து கப் வாங்கினான். எதிரே நின்ற வாத்தியாரும் நலம். பேத்தி கவிப்பிரியா எம்.எஸ்சி. கடைசி வருஷம், நம் வம்சத்தில் யாரும் படிக்காத ஆற்று மண்ணைப் படிக்கிறாள். கொசஸ்தலை ஆற்றில் ஏழு இடத்து மண்ணை ஏழு பாட்டிலில் அள்ளி, பேர் ஒட்டி, என் அரிசி டப்பா பக்கத்தில் வைத்திருந்தாள். ஆறு பாட்டில் பரவாயில்லை. உன் ஷெட்டுக்குப் பின்னால் எடுத்த ஏழாவதில் சிவப்பு, பச்சை, நீலம் என்று கடுகைவிடச் சின்னத் துணுக்குகள். ரேஷன் அரிசியில் கல் பொறுக்கின கை சும்மா இருக்குமா, முறத்தில் கொட்டி இரண்டு நாள் உட்கார்ந்து ஒன்று விடாமல் பொறுக்கி எறிந்துவிட்டு, மண்ணைப் பொன்னாக்கித் திருப்பி வைத்தேன்.

கவி வந்து பார்த்து, "இன்னா ஆயா பண்ணி வெச்சிகீறே" என்றாள்.

"சுத்தம் பண்ணிகீறேன் கண்ணு."

"நான் எண்ணிக்கினு இருக்கிறதே அந்தப் பிளாஸ்டிக்கைத்தான் ஆயா. வெறும் மண்ணை வெச்சிக்கினு நான் இன்னா பண்றது" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

இருபத்தைந்தாம் தேதிக்குள் காலேஜில் ஏழும் காட்டாவிட்டால் பிள்ளைக்கு ஒரு வருஷம் போய்விடும். மறுபடி மண் எடுக்க வந்தவளிடம் நீ, "உங்க ஊட்டாண்ட மண்ணு இல்லியா, என் பொழப்புலதான் தோண்டணுமா" என்று கேட்டைச் சாத்தினாயாம். தம்பி, நீ பழைய பிளாஸ்டிக் குடத்தையும் நாற்காலியையும் அரைத்து ஆற்றில் அலசுகிறாய், அது வெளியே தெரிந்துவிடும் என்று பயப்படாதே, ஊருக்கு எப்போதோ தெரியும். அங்கே ஆற்றில் இறங்கி ஏறினால் காலில் கலர் கோலப்பொடி ஒட்டினாற்போல் இருக்கிறதே. உன் பேரைக் கவி எழுத மாட்டாளாம், 'ஏழாம் இடம்' என்றுதான் போடுவாளாம். பள்ளிக்கூடத்தில் நீ ஏழாம் இடம் வந்திருந்தால் அப்பா ஊருக்கே சாப்பாடு போட்டிருப்பார். ஞாயிற்றுக்கிழமை வருவாள். கேட்டைத் திறப்பா.

செல்லியம்மாளைக் கேட்டதாகச் சொல். திருவாலங்காட்டு ஈசன் உன் முழங்காலையும் பிடிவாதத்தையும் மடங்க வைக்கட்டும்.

இப்படிக்கு,
அக்கா சின்னப்பொண்ணு

பி.கு.: கவரை ஒட்டுமுன் உன் மனைவி செல்லியம்மாளே வந்து இறங்கினாள். நீ மதியம் தூங்குகையில் தானே மண்ணை அள்ளி ஊறுகாய் பாட்டிலில் கொண்டுவந்திருக்கிறாள். "அவரு கெடக்கறாரு அண்ணி, எனக்கே கால் அரிக்குது" என்கிறாள். ஆகவே மேலே கெஞ்சியதெல்லாம் தேவையில்லை. அடித்தால் தாள் அசிங்கமாகும் என்று விட்டுவைத்தேன். மண் எடுத்த இடத்தின் போட்டோ மட்டும் பாக்கியாம். நீ அலசுகிற தொட்டியும் ஆறும் தெரிய, பக்கத்தில் நின்று புதிதாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்பு. சட்டை போட்டுக்கொள். பெரிய பெரிய வாத்தியார் எல்லாம் பார்ப்பார்கள்.