வேண்டாம் என்றவர்களின் வரவேற்பு பேனர்

எங்கள் நகர் நலச் சங்கத் தலைவர் பொய் சொல்கிறார். துடியலூரில் எங்கள் வீதியில் மாற்றுத்திறனாளிகள் ஐந்து பேர் சேர்ந்து வாழும் வீட்டைத் தானே கொண்டுவந்ததாகப் போன வாரம் மைக்கில் சொன்னார். கொண்டுவந்தவர் பேனர்காரர். அவரைப் போல ஒரு கிறுக்கர் கோவை ஜில்லாவிலேயே கிடையாது.

பிளெக்ஸ் கடை வைத்திருந்தார். டிரான்ஸ்பார்மரைச் சரிசெய்தால் நன்றி பேனர். அவர் நாய் குட்டி போட்டதற்கும் ஒரு பேனர், ஆறு குட்டிகளின் படத்தோடு.

அந்த வீடு வருகிறது என்றதும் தலைவர் வீடு வீடாக ஏறினார்.

"ஏனுங்க, நாளைக்கு ஒண்ணுன்னா யாருங்க பொறுப்பு? ஒரு கையெழுத்துப் போடுங்க."

முப்பது பேர் போட்டோம். ஆம், நானும்தான். தாளைப் பார்த்த வீட்டு உரிமையாளர், வீதியே வேண்டாம் என்றால் சாவி தர மாட்டேன் என்றுவிட்டார்.

"நானும் போடறேனுங்க" என்று பேனர்காரர் அந்தத் தாளை வாங்கிப் போனார். மறுநாள் காலை வீதி முனையில் இருபதடி பேனர். 'புதுக்குடித்தனம் வரும் சொந்தங்களே, வருக வருக!' கீழே கையெழுத்துப் போட்ட முப்பது பேரின் பெயரும் படமும். எங்கள் காதுகுத்து, கல்யாணம் எல்லாவற்றுக்கும் பேனர் அடித்தவர். எல்லார் முகமும் அவர் கம்ப்யூட்டரில் இருந்தது. நான் கூலிங்கிளாஸோடு சிரித்துக்கொண்டிருந்தேன்.

தலைவர் வந்தார். பார்த்தார். கத்தினார்.

"என்னங்க பண்ணி வெச்சிருக்கறீங்க? செயலாளர் படம் அத்தன பெருசு, என்ற படம் இத்தினியூண்டா?"

"தப்புத்தானுங்க. உங்களுக்குத் தனியா ஒண்ணு அடிச்சுப்போடறேன். கும்பிடற மாதிரியா, கையத் தூக்குன மாதிரியா?"

தலைவர் யோசித்தார். "கும்பிடற மாதிரியே இருக்கட்டுங்க."

மாலைக்குள் பத்தடி உயரத்தில் தலைவர் கும்பிட்டு வரவேற்றார். வீட்டு உரிமையாளர் அண்ணாந்து பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார்.

குடிவந்த அன்று, சக்கர நாற்காலியில் வந்த கலாமணி பேனரைப் பார்த்தார்.

"ஏனுங்ண்ணா, குடிவர்றது நாங்க. எங்க படத்தையே காணமுங்களே?"

பேனர்காரர் உடனே ஐந்து பேரையும் கடைக்குக் கூட்டிப்போய்ப் படம் எடுத்தார். கலாமணி கூலிங்கிளாஸ் கேட்டார். பேனர்காரர் தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்துவிட்டார்.

பேனர்காரர் இறந்து ஆறு மாதம் ஆகிறது. அஞ்சலி பேனர் வைக்கலாம் என்று தேடினோம். ஒரு நல்ல படம் கிடைக்கவில்லை. ஊருக்கெல்லாம் அடித்த மனிதர் தன் முகத்தை ஒன்றில்கூடப் போட்டுக்கொள்ளவில்லை.

என் கையெழுத்துக்கு அந்த வீட்டு வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டுவிட்டேன். தலைவரே, அந்தத் தாளில் முதல் கையெழுத்து உங்களுடையது. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் அதே மைக்கில் சொல்லுங்கள்: அந்த வீட்டைக் கொண்டுவந்தது யார்? கலாமணி முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார், பேனர்காரரின் கூலிங்கிளாஸைப் போட்டுக்கொண்டு.