இஞ்சின் அண்ணனும் ஆட்டுக்கறிப் படமும்

மலேசியாவின் கெடா மாநிலத்தில் சாமி படத்துக்குச் சாமியிடமே அனுமதி கேட்ட ஆள் ஒருவர்தான். பீடோங்கில் பேனர் கடை வைத்திருக்கும் இஞ்சின் அண்ணன். இதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. அவர் கேட்டபோது நான் பக்கத்தில் நின்றேன்.

அவருக்கும் இஞ்சினுக்கும் சம்பந்தமில்லை. மலாய் மொழியில் அனுமதிக்கு 'இசின்' என்பார்கள். யார் படம் கொண்டுவந்தாலும் அவர் முதலில் கேட்பது, "இசின் வாங்கிட்டியா?" அது ஊர் வாயில் உருண்டு இஞ்சின் ஆகிவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயரை அவரே மறந்திருப்பார். சிடாம் கிரி பக்கமிருந்து புதிதாக வருகிறவர்கள் இந்தப் பெயரை நம்பி, ஓடாத மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்துவார்கள். அண்ணன் வெளியே வருவார். மோட்டாரைச் சுற்றிப் பார்ப்பார். நல்ல கலர் என்பார். உள்ளே போய்விடுவார்.

நான் அங்கே பேனர் கட்டுகிறவன். முன்பு எண்ணெய்ப்பனை எஸ்டேட்டில் செம்பனைக் குலை வெட்டினேன். முதுகு போய்விட்டது. இங்கே ஏணியில் ஏறிக் கம்பி முறுக்குகிற வேலை. அதிகம் பேச வேண்டியதில்லை. எனக்குப் பிடித்த வேலை.

பேனர் போட வருகிறவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான். கைபேசியை நீட்டுவார்கள். நெட்டில் கிடந்தது, எடுத்தேன் என்பார்கள். நெட் என்னவோ மாமனார் வீட்டுத் தோட்டம் மாதிரி. அண்ணன் வாசலைக் காட்டுவார்.

"என் மோட்டாரும் ரோட்லதான் கெடக்கு. எடுத்துட்டுப் போயிருவியா?"

ஒருவன் வெளியே எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான். "அத எவன்ணே எடுப்பான்."

திருவிழாவுக்குக் கோயில் தலைவர் ஒரு முருகன் படம் அனுப்பினார். மயில், மலை, தலைக்குப் பின்னால் ஒளி, எல்லாம் இருந்தன. கீழே ஓவியர் கையெழுத்தும் இருந்தது. அதைப் பாதியில் யாரோ வெட்டியிருந்தார்கள். மீதிப் பாதியை வைத்துக்கொண்டு அண்ணன் ஆளைத் தேடினார். கிடைக்கவில்லை. தலைவருக்குப் பொறுமை போனது. சாமி எல்லாருக்கும் பொது, அச்சடி என்றார்.

"சாமி பொதுதான் தலைவரே. வரைஞ்சவன் பொது இல்ல."

அப்படியானால் சாமியிடமே போய்க் கேள் என்று தலைவர் கத்தினார். அது கோபத்தில் சொன்னது. அண்ணன் அதை வழியாக எடுத்துக்கொண்டார். நேராகக் கோயிலுக்குப் போய்ப் பூசாரியைப் பூப்போட்டுப் பார்க்கச் சொன்னார். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் வேண்டாம். கல்யாணத்துக்குப் போடுவார்கள். வீடு வாங்கப் போடுவார்கள். பேனருக்குப் பூப்போட்டது அன்றுதான். என்ன சொல்லி வேண்டுவது என்று தெரியாமல் பூசாரி என்னைப் பார்த்தார். நான் தூணைப் பார்த்தேன்.

சிவப்பு வந்தது.

முருகனே வேண்டாம் என்கிறார் என்று அண்ணன் தலைவரிடம் சொல்லிவிட்டார். தானே உட்கார்ந்து ஒரு வேல் வரைந்தார். வெறும் வேல். நீட்டமாக. நான்தான் முச்சந்தியில் கட்டினேன். லாரிக்காரர்கள்கூட வேகத்தைக் குறைத்துக் கும்பிட்டுப் போனார்கள். பிறகு அது தன் யோசனைதான் என்று தலைவர் ஊரெல்லாம் சொன்னார். அண்ணன் மறுக்கவில்லை.

எல்லாம் வேல் மாதிரி அமையாது. ஒரு பிள்ளையின் பிறந்தநாளுக்கு டிவியில் வருகிற பூனை வேண்டும் என்றார்கள். அது கம்பெனிக்காரன் பூனை, முடியாது என்று அண்ணன் தானே ஒரு பூனை வரைந்தார். விருந்துக்கு வந்தவர்கள் மரநாய் எதற்கு என்று கேட்டார்கள். பிள்ளைக்கு மட்டும் பிடித்துப் போனது. பேனரைப் போர்த்திக்கொண்டு தூங்கியது.

இந்தப் பிடிவாதம் எப்படி வந்தது என்று கேட்பார்கள். அண்ணனுக்கு முன்பு பெரிய தொப்பை. கோயில் விருந்தில் சட்டையில்லாமல் உட்கார்ந்து சாப்பிட்டபோது யாரோ படம் பிடித்து நெட்டில் போட்டார்கள். தொப்பை கரைக்கும் மருந்து விற்கிற எவனோ அதை எடுத்துக்கொண்டான். விளம்பரத்தில் 'முன்பு' என்ற இடத்தில் அண்ணன். 'பின்பு' என்ற இடத்தில் வேறொருவன். அண்ணனைவிட நல்ல நிறம், தலை நிறைய முடி. சுங்கை பட்டாணி வரைக்கும் ஒட்டியிருந்தார்கள். ஊரே சிரித்தது. அண்ணன் சண்டைக்குப் போகவில்லை. ஒன்றுதான் சொன்னார்.

"கேட்டிருந்தா குடுத்திருப்பேன்லா. சட்டையாவது போட்டிருப்பேன்."

சட்டை போட்டால் தொப்பை தெரியாதே என்று நான் சொல்லவில்லை.

இதெல்லாம் சில்லறை. என் தங்கை செல்வி விஷயம்தான் பெரியது.

செல்வி வேலை பார்த்த ஃபேக்டரியை மூடிவிட்டார்கள். புருஷன் இல்லை. இரண்டு பிள்ளைகள். கையில் இருந்ததை எல்லாம் போட்டு, பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் சாலையோரத்தில் ஒரு சின்ன ஒட்டுக்கடை எடுத்தாள். சோறும் ஆட்டுக்கறிப் பிரட்டலும். வெள்ளிக்கிழமை கறி ஓடாது, ஞாயிற்றுக்கிழமை திறக்கலாம் என்று முடிவானது. மோட்டாரில் போகிறவனை நிறுத்த வேண்டுமே. அதற்கு ஒரு பேனர். படத்தை அவளே அனுப்பினாள். வாழையிலையில் கறிப் பிரட்டல். பளபளப்பு, மேலே கறிவேப்பிலை, ஓரத்தில் ஒரு காய்ந்த மிளகாய். பார்த்ததும் எனக்கே பசித்தது.

இது யார் கறி என்று அண்ணன் செல்வியைக் கேட்டார்.

"கறிதானேண்ணே. ஆடு வந்து கேக்கப் போவுதா?"

"ஆடு கேக்காது. சமைச்சவங்க கேப்பாங்க."

நீயே சமைத்துக் கொண்டுவா, நான் படம் எடுக்கிறேன் என்றார். செல்வி கொண்டுவந்தாள். அண்ணன் குனிந்து, நிமிர்ந்து, நாற்காலிமேல் ஏறி எல்லாம் கைபேசியில் எடுத்தார். கணினியில் போட்டுப் பார்த்தார். பார்த்தவர் சும்மா இருந்திருக்கலாம்.

"தாரு ரோடு மாதிரி இருக்கு."

செல்வி கரண்டியை ஓங்கிவிட்டாள். அவர் கண், அவர் கேமரா, விளம்பரத்தில் வந்த தொப்பை, ஒன்றையும் விடவில்லை. கேட்காமல் அச்சடிக்கிற கடை ஊரில் ஆயிரம் இருக்கிறது என்றாள். வாசலில் வந்து என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னாள்.

"இந்தக் கடை ஓடலன்னா பிள்ளைங்கள ஒங்கிட்ட விட்டுட்டு நான் பினாங்கு ஃபேக்டரிக்குப் போவணும்ணே. அது ஒனக்குத் தெரியும்ல."

தெரியும். உள்ளே அண்ணனுக்கும் அது கேட்டிருந்தது. "ஞாயித்துக்கெழம பேனர் தொங்கும்," என்றார். கணினிப் பக்கம் திரும்பிவிட்டார்.

ஒரு படத்தைப் போட்டால் அது முதலில் எங்கிருந்து வந்தது என்று காட்டுகிற வித்தை கணினியில் இருக்கிறது. அண்ணன் தேடித் தேடி ஆளைப் பிடித்துவிட்டார். செர்டாங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ஒரு பெண். செய்தி அனுப்பினார். பதில் இல்லை. சனிக்கிழமை காலை மோட்டாரை எடுத்தார். நான் பின்னால் உட்கார்ந்தேன்.

செர்டாங் கெடாவின் தெற்கு மூலை. ஊருக்குக் கொஞ்சம் முன்னால், செம்பனைத் தோட்டத்து நடுவில் மோட்டார் நின்றுவிட்டது. நான் இறங்கிக் குனிந்து பார்த்தேன்.

"இஞ்சின்," என்றேன்.

"சொல்லு," என்றார்.

தள்ளிக்கொண்டு போனோம்.

கடைக்காரப் பெண்ணை எல்லாரும் ரோஸ் அக்கா என்றார்கள். கல்லாவுக்கு மேலே மாதா படம். பெரிய உடம்பு, பெரிய குரல். கூட்டம் கரையும் வரைக்கும் அண்ணன் நின்றார். பிறகு படத்தைக் காட்டி விஷயத்தைச் சொன்னார். பீடோங்கில் ஒரு பெண் கடை திறக்கிறாள், இந்தப் படத்தைப் போட்டுக்கொள்ளலாமா.

ரோஸ் அக்கா கையைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். படம் அவளுடையதுதான். அவள் சமைத்த கறி, அவள் மகன் பிடித்த படம்.

"என் கறியக் காட்டி அந்தப் பொண்ணு கறிய விக்கிறதா? சாப்பிட வர்றவன் என்னா நெனப்பான்? வேணாம்பா."

"சரிக்கா," என்றார் அண்ணன். கும்பிட்டுவிட்டுத் திரும்பினார்.

எனக்குத் தாங்கவில்லை. இவ்வளவு தூரம் வந்து, மோட்டாரைத் தள்ளி, ஒரு வார்த்தை கெஞ்சாமல் போகிறீர்களே என்றேன். அன்றைக்கு நான் அவ்வளவு பேசியதே அதிகம்.

"இல்லன்னு சொல்ல விடாம கேட்டா, அதுக்குப் பேரு கேக்குறதா தம்பி?"

ரோஸ் அக்கா இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். எங்களைத் திரும்பக் கூப்பிட்டாள். அவள் ஆட்டுக்கறிப் படத்தைப் போட்டு எங்கோ ஒருவன் மாட்டுக்கறி விற்கிறானாம். "கேக்காம எடுத்தவன் நெறைய பேரு. கேட்டு வந்தது நீங்கதான். இல்லன்னதும் போறதும் நீங்கதான். ஒக்காருங்க, சாப்புடுங்க," என்றாள்.

சாப்பிடும்போது அந்தப் பெண்ணின் கறியையும் காட்டு என்றாள். அண்ணன் கைபேசியை நீட்டினார். ரோஸ் அக்கா விரலால் தள்ளிக்கொண்டே போனாள். தார், தார், தார். கடைசியில் ஒரு படம் வந்தது. செல்வி கரண்டியை ஓங்கி நிற்கிறாள். கண் இரண்டும் பற்றி எரிகிறது. அவள் திட்டியபோது அண்ணன் பயத்தில் அமுக்கியது. அவருக்கே தெரியாமல் விழுந்திருக்கிறது.

ரோஸ் அக்கா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "இந்தப் பொண்ணு சமைச்சா நான் போயி சாப்புடுவேன். மூஞ்சியிலயே காரம் இருக்கு."

அண்ணன் எச்சில் கையோடு அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மோட்டாரைப் பட்டறையில் சரிசெய்துகொண்டு திரும்பினோம். நேரே போய் அச்சடித்துவிடலாம், அவள் என் தங்கைதானே, நான் சரி என்கிறேன் என்றேன்.

"ஒன் மூஞ்சியா அது?" என்றார்.

சாயங்காலம் செல்வி வீட்டு வாசலில் நின்றோம். அவள் மறுநாள் கறிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அண்ணனை ஏறிட்டும் பார்க்கவில்லை. அவர் கைபேசியைக் கம்பிக் கதவு வழியாக நீட்டினார்.

"நீ திட்டுனப்ப தெரியாம அமுத்துனது. போடலாமா? வேணாம்னா இப்பவே அழிச்சிர்றேன்."

அவள் மாட்டேன் என்றால் பேனர் இல்லை. விடிந்தால் திறப்பு. வேண்டாம் என்றால் இவர் அழித்துவிடுவார் என்று எனக்குத் தெரியும். நான் தரையைப் பார்த்து நின்றேன்.

"தாருன்னு சொன்னீங்களே," என்றாள் செல்வி.

"படத்தச் சொன்னேன்."

"கறி எப்படி இருந்துச்சு?"

"யாருக்குத் தெரியும்? நீ எனக்குக் குடுக்கவே இல்லியே."

அவள் அப்போதுதான் சிரித்தாள். வெங்காயத்தால் கண்ணில் தண்ணீர் வேறு. "போடுங்க. கீழ என்னா எழுதுறீங்கன்னு எங்கிட்ட கேக்கணும்," என்றாள். அண்ணன் அங்கேயே நின்று கேட்டார். அவளே சொன்னாள். 'சாப்பிட்டுவிட்டுப் பேசவும்.'

விடிந்ததும் கட்டினேன். கரண்டியோடு செல்வி, ரோட்டைப் பார்த்துக்கொண்டு. முதல் மோட்டார் தாண்டிப் போனது. கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. காய்கறி வாங்கப் பசாருக்குப் போன பெண்கள் நின்று படித்துச் சிரித்தார்கள், பிறகு உட்கார்ந்தார்கள். மத்தியானம் தாண்டுவதற்குள் சட்டி காலி. பினாங்கு பற்றி அவள் அதற்குப் பிறகு பேசவில்லை.

அண்ணன் எல்லாரும் போன பிறகு வந்தார். கறி இல்லை. செல்வி அடிச்சட்டியில் சோற்றைப் போட்டுப் பிரட்டி அப்படியே அவர் முன்னால் வைத்தாள். பேசாமல் சாப்பிட்டார். சட்டியை வழித்தார். கடைசியில் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"தாரு இல்ல," என்றார்.

இப்போதெல்லாம் செல்வி காலையிலேயே அவருக்கு ஒரு கிண்ணம் எடுத்து மூடி வைத்துவிடுகிறாள். அவர் வரக் கொஞ்சம் நேரமானால், அவளைப் போலவே நானும் ரோட்டையே பார்த்துக்கொண்டிருப்பேன்.