பாட்டீல், 1988

அப்படி ஒரு கட்டுரையே உலகத்தில் இல்லை என்று வினுதாவுக்கு உறைத்தபோது, வைவா எனும் வாய்மொழித் தேர்வுக்கு நான்கே நாள்தான் பாக்கி.

ஆய்வேட்டின் கடைசிப் பக்கத்தில் இருந்தது அந்த வரி: எஸ். டி. பாட்டீல், 1988, 'சோளக் குருத்து ஈயும் அமாவாசையும்'. கட்டுரை தேடித் தரும் ஏஐ கொடுத்தது. மேற்கோள் காட்டுகிற கட்டுரையை எல்லாம் தார்வாட் வேளாண் பல்கலைக்கழகத்தில் யார் படித்துப் பார்க்கிறார்கள்? அவளும் பார்க்கவில்லை. இப்போது எங்கே துழாவினாலும் அந்தக் கட்டுரை அகப்படவில்லை. பாழாய்ப்போன ஏஐ புளுகியிருக்கிறது! ஐந்து வருட உழைப்பு ஒரு ஈயால் போகப்போகிறது.

வழிகாட்டி குல்கர்னியிடம் ஓடினாள். "சார், அந்தப் பாட்டீல் கட்டுரையை எடுத்துடலாமா?"

சோள ரொட்டியைப் பிட்ட அவர் கை அப்படியே நின்றது. "ஏன் எடுக்கணும்? உன் தீசிஸ்லயே உருப்படியான மேற்கோள் அது ஒண்ணுதான்!"

"நீங்க படிச்சிருக்கீங்களா சார்?"

"படிக்காம? வரி வரியாத் தெரியும். வைவா பேச்சுலயும் சேர்த்துக்கோ."

இந்த மனுஷனுக்குத் தெரியாது என்று சொல்ல வாயே வராதா என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் கையெழுத்துப் போடவேண்டியவரைப் பொய்யர் என்று எப்படிச் சொல்வது? சேர்த்துக்கொண்டாள்.

பேச்சின் சுருக்கம் ஹைதராபாத் தேர்வாளருக்குப் போனது. வைவாவுக்கு முந்தின நாள் அந்த அம்மாள் போன் செய்தார்.

"ஈக்கும் அமாவாசைக்கும் என்னம்மா சம்பந்தம்? ஈ என்ன விரதமா இருக்கு? அசல் கட்டுரையைக் கண்ணால பார்த்தாத்தான் நான் கையெழுத்துப் போடுவேன்."

"எங்க லைப்ரரியில இருக்கு மேடம்." பயத்தில் வாய் முந்திக்கொண்டது.

"ரொம்ப நல்லது. வைவாவையே லைப்ரரியில வச்சுக்கலாம்."

வினுதா நூலகத்துக்கு ஓடினாள். அடுத்த மாதம் ஓய்வு பெறப்போகும் நூலகர், எல்லோருக்கும் 'காகா', அதாவது சித்தப்பாவான நிங்கப்பா, ஆளில்லாத கூடத்தில் பழைய இதழ்களுக்குத் தூசி தட்டிக்கொண்டிருந்தார்.

"காகா, பாட்டீல்னு ஒருத்தர், எண்பத்தெட்டுல, குருத்து ஈ பத்தி..." அதற்குள் அழுகை வந்துவிட்டது. "அப்படி ஒண்ணு இல்லவே இல்ல காகா! ஏஐ புளுகினதை நம்பி எழுதிட்டேன். நாளைக்கு மானம் போகப்போகுது."

நிங்கப்பா சிரிக்கவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து, பழுப்பேறிய கடித நகல் ஒன்றை எடுத்து உதறினார்.

"பாவம், அது புளுகலம்மா, போன வருஷம் நான் ஸ்கேன் பண்ணி ஏத்தின உங்க குல்கர்னி சாரோட தீசிஸைப் படிச்சிருக்கு, அந்தப் பாட்டீல் பொறந்ததே அதுலதான், அவரும் தன் வைவாவுக்கு முந்தின நாள் இதே இடத்துல நின்னு அழுதார், கட்டுரையைக் கரையான் அரிச்சிடுச்சுன்னு எழுதிக் கொடுத்தேன், இப்ப தேதியை மட்டும் மாத்தித் தரட்டுமா?"