பெட்டியில் போட்ட வேகம்

என் மனைவியிடம் ஒருமுறையாவது ஜெயித்துவிட்டுத்தான் கண்ணை மூடுவது என்று ஒரு சனிக்கிழமை காலை முடிவெடுத்தேன். கண்ணை மூட அவசரம் ஒன்றும் இல்லை. ஜெயிப்பதற்குத்தான் சாயங்காலம் ஆறு மணி வரை கெடு.

விஷயம் இதுதான். எங்கள் வீட்டில் ஒரு சின்ன அறை இருக்கிறது. ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு ஜன்னல். அதில் என் கம்ப்யூட்டர் குடியிருக்கிறது. மனைவி படுக்கையறைக் கட்டிலில் சம்மணம் போட்டு, மடியில் தலையணை, தலையணை மேல் லேப்டாப் என்று வேலை பார்க்கிறாள். வேலை என்றால், ஏதோ ஒரு கம்பெனி. அங்கே எதையோ வாங்கியவர்கள் எதையாவது கேட்பார்கள், இவள் டைப் அடித்துப் பதில் சொல்வாள். மூன்று வருஷமாகச் செய்கிறாள். என்ன கம்பெனி என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே என்னிடம் சொன்னாள். அவள் சொன்னது ஞாபகம் இருக்கிறது. நான் தலையாட்டியதும் ஞாபகம் இருக்கிறது. நடுவில் என்ன சொன்னாள் என்பதுதான் ஞாபகம் இல்லை.

அந்தச் சின்ன அறை தனக்கு வேண்டும் என்று ஒரு வருஷமாகக் கேட்கிறாள். முதுகு வலிக்கிறதாம். கம்ப்யூட்டரை ஹாலில் செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாமாம். செருப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விளையாடினால் என் மரியாதை என்ன ஆவது?

இந்தச் சமயம் பார்த்துத்தான் நான் புது ரேம் வாங்கினேன். ரேம் என்றால் கம்ப்யூட்டரின் ஞாபகசக்தி. வீட்டில் எனக்கு இல்லாதது அதற்காவது இருக்கட்டுமே என்ற நல்லெண்ணம். விரல் நீளத்துக்கு இரண்டு பட்டைகள். அதன் வேகம் ஆறாயிரம் என்று பெட்டியில் தங்க எழுத்தில் போட்டிருந்தது. மாட்டினேன். திரையில் பார்த்தால் நாலாயிரத்து எண்ணூறு. கழற்றி, ஊதி, மறுபடி மாட்டினேன். நாலாயிரத்து எண்ணூறு. பெட்டியைத் தூக்கித் திரைக்கு நேராகக் காட்டினேன். அது மசியவில்லை.

மனைவி வாசலில் வந்து நின்றாள்.

"நான் வேணா பார்க்கட்டுமாங்க?"

சிரித்துவிட்டேன். "டைப் அடிக்கிறது வேற, இது வேற. உனக்கு எதுக்கு வம்பு? சாயங்காலம் ஆறு மணிக்குள்ள நானே சரி பண்ணிடுவேன்."

"பண்ணலன்னா?"

இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தால் இன்று இதை எழுதவேண்டி வந்திருக்காது.

"பண்ணலன்னா இந்த ரூம் உனக்கு. பண்ணிட்டேன்னா ரூம் பேச்சையே இனிமே எடுக்கக் கூடாது."

"என்கிட்ட உதவி கேட்டாலும் நீங்க தோத்த மாதிரிதான்."

"உன்கிட்டயா?" என்று கேட்டேன். அந்த ஒரு வார்த்தையில் நான் வைத்த இளக்காரம் இப்போது நினைத்தாலும் சுடுகிறது. சரி என்று அவள் ஒப்புக்கொண்டாள். ஷிப்ட் ஆரம்பிக்கிறது என்று சொல்லிப் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பன்னிரண்டு மணி வரை தெரிந்ததை எல்லாம் செய்தேன். தெரியாததையும் செய்தேன். எண் அசையவில்லை. கடைசியில் ரேம் பெட்டியைத் திருப்பிப் பார்த்தால், சந்தேகம் இருந்தால் எங்கள் உதவியாளருக்கு எழுதுங்கள் என்று பொடி எழுத்தில் இருந்தது. மனைவியிடம் கேட்கக் கூடாது என்றுதானே பந்தயம்? கம்பெனிக்காரனிடம் கேட்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. உடனே அந்தப் பக்கத்தைத் திறந்தேன். ஒரு சின்ன ஜன்னல் வந்தது. "வணக்கம். நான் உதவியாளர் ஏழு" என்றது.

என் கம்ப்யூட்டரின் ஜாதகத்தையே எழுதினேன். பந்தயத்தையும் எழுதினேன். "அவசரம் சார். என் மனைவிக்குக் கம்ப்யூட்டரை ஆன் பண்ண, ஆஃப் பண்ணத்தான் தெரியும். அவங்ககிட்டப் போயி நான் தோக்கலாமா?"

அந்தப் பக்கம் எதையோ டைப் அடிப்பதும் அழிப்பதுமாக இருந்தார்கள். அப்புறம் பதில் வந்தது.

"புரிகிறது, சார். நான் சொல்வதை ஒன்றுவிடாமல் செய்வீர்களா?"

எவ்வளவு மரியாதை. வீட்டில் யார் என்னை சார் என்கிறார்கள்? எதைச் சொன்னாலும் செய்கிறேன் என்று எழுதினேன்.

முதல் எதிரி தூசி என்றார் உதவியாளர் ஏழு. கம்ப்யூட்டருக்குள் மட்டும் துடைத்தால் போதாதாம். காற்று வரும் வழி எல்லாம் துடைக்கவேண்டுமாம். மேசைக்கு அடியில், பீரோவுக்குப் பின்னால், மின்விசிறி இறக்கை மேலே. நான் ஸ்டூலில் ஏறி ஹால் விசிறியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மனைவி தண்ணீர் குடிக்க வந்தாள். "ரேம் அங்கயா இருக்கு?" என்று கேட்டாள். உனக்கெல்லாம் புரியாது என்று மேலேயிருந்தே சொன்னேன்.

அடுத்தது உடம்பில் தேங்கியிருக்கும் மின்சாரம். அது இறங்காமல் ரேமைத் தொட்டதுதான் நான் செய்த தப்பாம். இறங்குவதற்கு வழி, ஈரமான எவர்சில்வரை இரண்டு கையாலும் அரை மணி நேரம் விடாமல் தொடுவது. அவ்வளவு எவர்சில்வருக்கு எங்கே போவேன் என்று கேட்டேன். சமையலறைத் தொட்டியில் பாருங்கள் என்று அவரே வழிகாட்டினார். சோப்பு போட்டுத் தேய்த்தால் இன்னும் சீக்கிரம் இறங்கும் என்றார். நேற்றைய பாத்திரம், இன்றைய பாத்திரம், எதையும் விடவில்லை. முடித்து நிமிர்ந்தபோது உடம்பு லேசாகத்தான் இருந்தது. மின்சாரம் இறங்கிவிட்டது என்று நினைத்தேன். இறங்கியது நான்.

மூன்றாவதாக, சோபாவில் குவிந்திருக்கும் காய்ந்த துணிகளை மடித்து வைக்கச் சொன்னார். துணியிலிருந்து மின்சாரம் திரும்ப ஏறுமாம். எங்கள் வீட்டு சோபாவில் துணி குவிந்திருப்பது உங்களுக்கு எப்படித் தெரியும் சார் என்று கேட்டேன்.

"பெரும்பாலான வாடிக்கையாளர் வீடுகளில் இருக்கும், சார்."

அனுபவம் என்றால் இதுதான் என்று வியந்தேன். மடித்தேன். புடவை மடிக்க மட்டும் முக்கால் மணி நேரம் ஆனது.

மணி ஐந்தேகால். திரையில் அதே நாலாயிரத்து எண்ணூறு. சார், அறை கையைவிட்டுப் போகப்போகிறது என்று கெஞ்சி எழுதினேன்.

"இப்போது தயாராகிவிட்டீர்கள், சார். அணைத்துவிட்டு, பட்டைகளை இரண்டாவது, நாலாவது இடங்களில் மாட்டுங்கள். ஆன் செய்ததும் டெலீட் பட்டனை அழுத்திக்கொண்டே இருங்கள். செட்டிங்ஸ் திரை வரும். ரேம் வேகத்துக்கு என்று அதில் இருக்கும் வரி ஆஃபில் இருக்கும். ஆனில் வைத்து சேவ் செய்யுங்கள்."

செய்தேன். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. திரையில் ஆறாயிரம் என்று வந்து நின்றது. இவ்வளவு சுலபமா என்று ஒரு கணம் தோன்றியது. மின்சாரம் மட்டும் இறங்காமல் இருந்திருந்தால் நடந்திருக்குமா என்று என்னை நானே அடக்கிக்கொண்டேன்.

படுக்கையறைக் கதவைத் தட்டி மனைவியை அழைத்து வந்து காட்டினேன். வரும் வழியில் சமையலறையை எட்டிப் பார்த்தவள், திரையைக் குனிந்து பார்த்தாள்.

"அட, ஆறாயிரம். யார்கிட்டயும் கேக்கலையா?"

"பெரிய நிபுணர் ஒருத்தர்கிட்ட கேட்டேன். உன்கிட்ட கேக்கலையே."

"அப்ப சரி. அவருக்கு ஒரு நன்றி சொல்லிடுங்க" என்றாள். முகத்தில் துளி வருத்தம் இல்லை. கதவை மறுபடி சாத்திக்கொண்டாள்.

நான் உட்கார்ந்து நெஞ்சு நிறைய எழுதினேன். "பந்தயம் ஜெயிச்சாச்சு சார். வீட்டுக்கு ஒருத்தர் உங்களை மாதிரி இருக்கணும்."

பதில் உடனே வந்தது.

"மகிழ்ச்சி, சார். குக்கர் மூடியை மட்டும் இன்னொரு தடவை தேய்த்துவிடுங்கள். ஓரமெல்லாம் அப்படியே இருக்கிறது. அறையை நாளைக்குக் காலி செய்தால் போதும்."

இரண்டு தடவை படித்தேன். குக்கர் என்று நான் எங்கேயும் எழுதவில்லை. மெல்லத் திரும்பினேன். கதவுக்குப் பின்னால் அவளுடைய ஆபீஸ் பை தொங்கிக்கொண்டிருந்தது. மூன்று வருஷமாக அங்கேதான் தொங்குகிறது. அதன் மேல், ரேம் பெட்டியில் இருந்த அதே கம்பெனிப் பெயர், அதே தங்க எழுத்தில். வெட்கமாகத்தான் இருந்தது.

திரையின் கீழே, எங்கள் சேவை எப்படி இருந்தது என்று கேட்டு ஐந்து நட்சத்திரங்கள் வரிசையாக வந்து நின்றன.

ஐந்தையும் அழுத்தினேன்.