பீப்பாய்க்குள் பாடிய மோட்டார்

ஸ்மோக்வினா,
ஆகஸ்ட் 12

ஸ்பிளிட் நகரத்தில் குழாயைத் திருகினால் தண்ணீர் வரும் வீட்டில் வாழும் என் மனைவியின் அண்ணன், மரியாதைக்குரிய விட்ஸ்கோ மச்சான் அவர்களுக்கு, தண்ணீர் இல்லாத தீவிலிருந்து யெர்கோ வணக்கத்துடன் எழுதுவது.

இங்கே நான், உங்கள் தங்கை தின்கா, கோழிகள் எல்லோரும் ஆண்டவர் புண்ணியத்தில் சுகம். அங்கே உங்கள் மனைவி பெரீனாவும் பிள்ளைகளும் சுகமா என்று அறிய ஆவல். உங்கள் சுகத்தைக் கடிதத்தின் கடைசியில் விசாரிக்கிறேன், அதற்குள் கோபம் தணிந்தால்.

வேலையில் இருந்த காலமெல்லாம் இந்தத் தீவின் தபாலைச் சுமந்தவன் நான். ஊரார் ஒருவரை ஒருவர் திட்டி எழுதியதை எல்லாம் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தேனே தவிர, நானாக ஒருவரைத் திட்டி ஒரு வரி எழுதியதில்லை. இப்போது எழுத வைத்துவிட்டீர்கள். போன் செய்தால் பெரீனா எடுத்து, "அவரு தோட்டத்துல இருக்காருண்ணே" என்கிறாள். மச்சான், நீங்கள் குடியிருப்பது மூன்றாவது மாடி.

போன வருஷம் புனித ரோக்கு திருநாள் பவனியில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். கரையில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவர்களில் நீங்கள்தான் முதல் ஆள். இருந்தாலும் ஞாபகப்படுத்துகிறேன். என் பழைய மோட்டாரின் திருகைச் சரியாக முறுக்காததால் அது படகைவிட்டுக் கழன்று கடலடிக்குப் போனது. நான் துடுப்புப் போட்டேன். புனிதரின் சொரூபத்தை ஏற்றிய படகும், பின்னால் வந்த ஊர்ப் படகுகள் அத்தனையும், பாறைத் திட்டுக்கு அந்தப் பக்கம் எனக்காகக் காத்துக்கொண்டு நின்றன. அதற்குள் கரையில் ஊருக்கே சுட்டுக்கொண்டிருந்த மத்தி மீன் கரியாகிவிட்டது. கோயிலைப் பூட்ட மறந்தாலும் மன்னிப்பார்கள், மத்தி கருகினால் இந்த ஊர் மன்னிக்காது. உடனே கூட்டம் போட்டு முடிவெடுத்தார்கள்: துறையில் படகு கட்ட இடம் வைத்திருக்கிறவன் எவனும் இனி மோட்டார் போட்டு, யாரும் இழுக்காமல், புனிதருக்குப் பின்னால் திட்டைச் சுற்றி வர வேண்டும். வராதவன் இடம் வரிசையில் அடுத்தவனுக்கு. அடுத்தவன் யார்? ஸாக்ரெப்பிலிருந்து கோடைக்கு வரும் பல் டாக்டர். வெள்ளை பிளாஸ்டிக் படகு, வெள்ளைக் கால்சட்டை, எல்லோரையும் பார்த்து ஒரே சிரிப்பு. என் இடம் எங்கள் அடுப்படி ஜன்னலுக்கு நேர் கீழே இருப்பது உங்களுக்குத் தெரியும். அது போனால் என் படகைக் கல்லறைத் தோட்டத்துக்கு அப்பால்தான் கட்ட வேண்டும். அங்கே யூகோ காற்று தெற்கிலிருந்து அடித்தால் ஒரு குளிர்காலத்தில் படகு விறகாகிவிடும். படகு இல்லாவிட்டால் நான் நாள் முழுக்கத் தின்காவோடு வீட்டில் உட்கார வேண்டும். அவளைக் கேட்டுப் பாருங்கள், என்னைவிட அவள்தான் இதற்குப் பயப்படுகிறாள்.

இந்த நிலைமையில்தான் ஈஸ்டருக்கு உங்கள் வீட்டுக்கு வந்தேன். நீங்கள் என் தோளில் கை போட்டு என்ன சொன்னீர்கள்?

"எதுக்கு மாப்ளே மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு இருக்கே? எங்கிட்ட ஒரு மோட்டார் இருக்கு. கொஞ்சம் வயசானது, ஆனா ஒரு பாதிரியார் வச்சிருந்தது. ஞாயித்துக்கிழமை கூட எடுக்க மாட்டாரு, பூசை இருக்கும்ல?"

கீழே கூட்டிக்கொண்டு போய், பீப்பாயில் தண்ணீர் நிரப்பி, மோட்டாரை அதில் மாட்டி, கயிற்றை ஒரே இழுப்பு இழுத்தீர்கள். "காதக் குடுத்துக் கேளு மாப்ளே, பாடுது!" என்றீர்கள். பாடியது, இல்லையென்று சொல்லவில்லை. தானம் கொடுத்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. நானோ போன அறுவடையின் ஒலிவ எண்ணெய் அத்தனையையும் கொடுத்து வாங்கினேன், பல்லையும் பார்க்கவில்லை, வாலையும் பார்க்கவில்லை. அன்று சாப்பாட்டில் நான் ஆசையாகக் கொண்டுவந்த என் சொந்த ஒயினை ஒரு வாய் குடித்துவிட்டு, மிச்சத்தை எல்லோர் முன்னாலும் புளிப்புக்கு ஆகும் என்று சாலட் கிண்ணத்தில் ஊற்றினீர்களே, அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். மோட்டார் கொடுக்கிற மனுஷனாயிற்றே என்று.

கப்பலில் மோட்டார் ஒரு படுக்கை விரிப்பில் சுற்றி வந்து சேர்ந்தது. தின்கா மோட்டாரைப் பார்க்கவே இல்லை, விரிப்பைப் பார்த்தாள். "இது எங்கம்மா கைப்பின்னல். எனக்குன்னு எடுத்து வச்சது. காணாமப் போச்சுன்னு அண்ணன் சொன்னான்ல?" என்று ஆரம்பித்தவள், அன்று சாயங்காலம் வரை நிறுத்தவில்லை. நீங்கள் எடுத்துப் போன விரிப்புக்கு நான் ஏன் திட்டு வாங்க வேண்டும்?

மறுநாள் மோட்டாரைப் படகில் மாட்டி முதல் இழுப்பு இழுத்தேன். கயிறு முழுசாக என் கையோடு வந்துவிட்டது. நான் மல்லாக்க விழுந்தது பக்கத்துப் படகு லோவ்ரேயின் காலைச் சாப்பாட்டின் மேல். அவர் மீன் பிடித்துப் பிழைக்கிறவர், கோபக்காரர், நெத்திலி என் முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. சரி, புதுக் கயிறு போட்டேன். கிளம்பியது. கியரை முன்னால் தள்ளினேன், படகு பின்னால் போனது. பின்னால் தள்ளினேன், அப்போதும் பின்னால் போனது. துறையிலிருந்து பின்பக்கமாகவே வெளியேறி, காபிக் கடையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் முகம் காட்டிக்கொண்டே விடைபெற்றேன். எழுந்து கை தட்டினார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது: பீப்பாய்க்குள் முன்னால் எது, பின்னால் எது? நீங்கள் தெரிந்தேதான் பீப்பாயில் பாட வைத்தீர்கள்.

இத்தோடு விட்டதா? மோட்டார் ஓடும்போது பக்கவாட்டில் ஒரு சின்னத் துளை வழியாகத் தண்ணீர் பீய்ச்ச வேண்டும். அப்படியானால் உள்ளே தண்ணீர் ஓடிச் சூட்டைத் தணிக்கிறது என்று பொருள். எங்கள் துறையில் இதை நாகரிகமாகச் சொல்கிற பழக்கம் கிடையாது. லோவ்ரே கரையிலிருந்தே கத்தினார்: "யெர்கோ, ஒண்ணுக்குப் போகுதாய்யா?" போகவில்லை. ஒரு சொட்டுகூட இல்லை. திட்டை நெருங்குவதற்குள் மோட்டார் அடுப்பாகச் சுட்டது, புகைந்தது, நின்றது. நடுக்கடலில் நான். கயிற்றைத் தூக்கிப் போட்டு என்னை இழுத்துவந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? பல் டாக்டர். வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தார். கரையில் இறக்கிவிட்டு, "உங்க இடத்துல நிழல் எப்ப விழும் சார்? காலையிலயா, மத்தியானத்துக்கு மேலயா?" என்று பணிவாகக் கேட்டார். அந்தப் பணிவை என்னால் மறக்க முடியவில்லை மச்சான்.

அதிலிருந்து தினமும் என் படகுப் பக்கம் ஊரே கூடுகிறது. காலையில் ரொட்டி வாங்கப் போனால்கூட, "போச்சா?" என்கிறார்கள். "இன்னும் போகல" என்கிறேன். எனக்கு ஏதோ வியாதி என்று நினைத்து பல் டாக்டரின் மனைவி மூலிகைத் தேநீர் கொடுத்தனுப்பினாள். மெக்கானிக் ஷ்பீரோ வந்தார். அவர் கை வைத்துப் பிழைத்த மோட்டார் இந்தத் தீவில் கிடையாது. "பிளக்குதான்" என்றார். லோவ்ரே, "பெட்ரோல்தான்" என்றார். எங்கள் பங்குத்தந்தை தோன் மிகுலா, "பாவசங்கீர்த்தனம் பண்ணி எத்தனை நாளாச்சு?" என்று என்னைக் கேட்டார். மூவரும் ஆளுக்கொரு பக்கம் பிரித்தார்கள், பிரித்ததை வைத்துக்கொண்டு சண்டை போட்டார்கள், பிறகு மாட்டினார்கள். ஒரு திருகு மிச்சமானது. "இது தேவைப்படாது" என்று ஷ்பீரோ தன் பையில் போட்டுக்கொண்டார். கடைசியில் லோவ்ரே அந்தத் துளையில் ஒரு கம்பியை விட்டுக் குடைந்தார். வந்தது என்ன தெரியுமா? உப்பு! கல்லாக இறுகிய உப்பு! கடலில் ஓட்டிய மோட்டாருக்கு நல்ல தண்ணீர் காட்டிக் கழுவ வேண்டும் என்பது இங்கே கோழிக்குஞ்சுக்கும் தெரியும். உங்கள் பாதிரியார் தன் ஆயுளில் ஒருமுறைகூடக் கழுவவில்லை. ஊருக்கெல்லாம் ஞானஸ்நானம் கொடுத்த மனுஷன் இதற்கு ஒரு குளியல் கொடுத்திருக்கக் கூடாதா?

இப்போது இதை நல்ல தண்ணீரில் போட்டு ஓட்டி, உப்பைக் கரைத்து எடுக்க வேண்டுமாம். ஆகஸ்டில் நல்ல தண்ணீருக்கு நான் எங்கே போவேன்? மழைத் தொட்டி அடி தெரிகிறது. தண்ணீர்க் கப்பல் எப்போது வருமோ தெரியாது. தொட்டி மூடிக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை இடுப்பில் செருகியிருக்கிறாள் உங்கள் தங்கை.

"ஒரே ஒரு பீப்பாய் தண்ணி குடு தின்கா."

"என் தக்காளி நாக்கத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்குது. எங்கண்ணன் உன் தலையில கட்டுன சனியனுக்குக் குளியலு கேக்குதா?"

"புனிதருக்காகக் கேக்கறேன்டி."

"புனிதருக்கு நான் மெழுகுவர்த்தி ஏத்திக்கறேன். ஒனக்கு பீப்பாய்தான வேணும்? கீழ நிலவறையில ஒன் ஒயின் கெடக்கே. நானும் குடிக்கல, விருந்தாளியும் குடிக்கல, எலிகூட மோந்து பாத்துட்டுப் போயிருச்சு. அதுல குளிப்பாட்டு, போ."

கேட்டீர்களா? அண்ணன் சாலட்டில் ஊற்றுகிறான், தங்கை மோட்டாருக்கு ஊற்றச் சொல்கிறாள். என்ன குடும்பமய்யா உங்கள் குடும்பம்! டேய் விட்ஸ்கோ, நீ மட்டும் இப்போது என் கையில் கிடைத்தால், அந்த மோட்டாரை உன் கழுத்தில் கட்டி உன்னையே பீப்பாயில் பாட வைப்பேன்!

மன்னிக்கவும். பேனா வழுக்கிவிட்டது.

ஆகையால் மச்சான் அவர்களுக்கு இறுதியாகத் தெரிவிப்பது: திருநாள் காலைக் கப்பலில் நீங்களே நேரில் வந்து இந்தச் சனியனைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். என் எண்ணெயைக் குறையாமல் கொண்டுவர வேண்டும். பொரித்துத் தீர்த்துவிட்டேன் என்ற கதை வேண்டாம். வராவிட்டால் இந்த ஜென்மத்தில் நமக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. நான் செத்தால் சவப்பெட்டிக்குத் தோள் கொடுக்கவும் வர வேண்டாம், பின்பக்கமாக நடந்து குழியில் விழுவீர்கள்.

பெரீனாவுக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு முத்தங்கள். புனித ரோக்கு உங்களைக் கொள்ளைநோயிலிருந்து காப்பாராக. மற்ற நோய்களை அவர் இஷ்டத்துக்கு விட்டுவிடுகிறேன். கோபம் தணியாததால் உங்கள் சுகத்தைக் கேட்கவில்லை.

இப்படிக்கு,
உங்கள் தங்கையைக் கட்டிய பாவி,
யெர்கோ

பி.கு. யூகோ காற்றில் தபால் கப்பல் வரவில்லை. கடிதம் அலமாரியில் கிடந்தது. இன்று திருநாள் முடிந்து உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். மேலே எழுதியதைக் கிழிக்கலாம் என்றுதான் பார்த்தேன், ஆனால் முதல் கடிதம், நன்றாக வந்திருக்கிறது, மனசு வரவில்லை.

நடந்தது இதுதான். கடிதத்தை ஒட்டிய கையோடு, தின்கா சொன்னது மண்டையில் ஏறிவிட்டது. எலி என்றாளே! "குளிப்பாட்டச் சொன்னேல்ல? பாரு!" என்று நிலவறையிலிருந்து ஒயின் பீப்பாயை முற்றத்துக்கு உருட்டி வந்து, மேல்மூடியை உடைத்து, மோட்டாரை அதில் மாட்டிக் கயிற்றை இழுத்தேன். வீம்புதான், வேறொன்றும் இல்லை. ஒயின் நுரைத்தது, கோழிகள் வேலி தாண்டி ஓடின, தெருவில் போனவர்கள் மூக்கைப் பிடித்தார்கள். கண் எரிய எரிய நான் நின்றேன். திடீரென்று மோட்டார் ஒரு இருமல் இருமி, உப்புக் கட்டியைத் துப்பி, பக்கவாட்டில் சிவப்பாக ஒரு பீய்ச்சு பீய்ச்சியது! நேராகப் போய் விழுந்தது எதன்மேல்? தின்கா துவைத்துக் காயப்போட்டிருந்த உங்கள் அம்மாவின் விரிப்பின் மேல். என்னைக் கொல்ல வாயைத் திறந்தபடி ஓடி வந்தவள், அந்தத் தாரையைப் பார்த்ததும் நின்று, ஊருக்கே கேட்கும்படி கத்தினாள்: "போகுதுய்யா! போகுது!"

இன்று பவனியில் போனேன். கியர் இன்னும் அப்படியேதான், பின்பக்கமாகவே போனேன். டாக்டர் ஆட்சேபித்தார்: "ஃபாதர், அவரு ரிவர்ஸ்ல வராரு, இது செல்லாது!" தோன் மிகுலா ஒலிபெருக்கியிலேயே பதில் சொன்னார்: "மோட்டார் போட்டு வரணும்னுதான் முடிவு. எந்தப் பக்கம் முன்னாலன்னு யாரும் சொல்லலையே. பேசாம ஜெபமாலையப் பிடிங்க." திட்டைச் சுற்றி வரும்வரை வளைகுடா முழுக்கச் சாலட் வாசனை. மத்தி கருகவில்லை. இடம் என்னுடையதுதான். இதை எழுதும்போது ஜன்னலுக்குக் கீழே படகு தெரிகிறது, பார்க்கப் பார்க்கத் தெம்பாக இருக்கிறது.

ஆகவே மோட்டாரை எடுத்துப்போக வர வேண்டாம், தரமாட்டேன். எண்ணெயை நீங்களே பொரித்துச் சாப்பிடுங்கள். இன்னொன்று. என் ஒயின் வினிகர்தான், அந்தப் புளிப்புதான் உப்பைக் கரைத்தது. எழுத்தில் ஒப்புக்கொள்கிறேன், வாயால் கேட்டால் மறுப்பேன். லோவ்ரே ஒரு ஜாடி வாங்கிப் போயிருக்கிறார், ஷ்பீரோ இது தன் யோசனை என்று சொல்லித் திரிகிறார், டாக்டர்கூடச் சிரிக்காமல் வந்து தன் மோட்டாருக்குக் கொஞ்சம் கேட்டார். பீப்பாய் ஏறக்குறையக் காலி. உப்பு மறுபடி சேரத்தான் போகிறது, தின்கா சாவியை இன்னும் இடுப்பில்தான் வைத்திருக்கிறாள்.

கோபம் தணிந்ததால் கேட்கிறேன், நீங்கள் சுகமா? வந்தால் தோட்டத்தைப் பார்க்கலாம். இந்த வருஷம் திராட்சை என்றுமில்லாத அளவு நன்றாகக் காய்த்திருக்கிறது மச்சான். ஒயின் நன்றாக வந்துவிடுமோ என்றுதான் எனக்கு இப்போது தூக்கமே இல்லை.