சட்டையில் ஒரு சொட்டு அயோடின்

பங்குனி முழுவதும் காபி கிளப் வாசலை மிதிப்பதில்லை என்று என் மனைவி அம்சாவிடம் சத்தியம் செய்தேன். கிளப்பில் இட்டிலி தின்றுவிட்டு வீட்டுச் சோற்றை மீதம் வைக்கிறேன் என்பது அவள் வழக்கு. சத்தியம் நின்றால் கோடை விடுமுறை இங்கேயே திண்டிவனத்தில், நான் எல்.டி. என்ற வாத்தியார் பரீட்சைக்குப் படிக்கலாம். தவறினால் விடுமுறை முழுவதும் காணையில், மாமனார் வீட்டில். அங்கே மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கும் காலம். எங்கள் வம்சத்தின் முதல் பி.ஏ. மல்லாட்டை பிடுங்குவதைப் பார்க்கக் கோலியனூரிலிருந்துகூட வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள்.

இருபத்தாறு நாள் சத்தியம் நின்றது. இருபத்தேழாம் நாள் நான் நின்றேன், கிளப் வாசலில். நாலு இட்டிலி. கையை மூன்று முறை கழுவினேன். ரசாயன வாத்தியார் தடயம் விடலாமா?

மாலையில் அம்சா என் சட்டையைப் பாயில் விரித்து வைத்திருந்தாள். கையில் அயோடின் புட்டி.

"இன்னா பண்றே?"

"நீங்க சொல்லிக்குடுத்ததுதாங்க. அரிசிச் சத்து இருந்தா இது பட்டதும் நீலமாவும்னு சோத்துப் பருக்கையில ஊத்திக் காட்டினீங்களே."

"சட்டை பாழாயிடும்."

"ஒரு சொட்டுதான். கிளப்புக்கே போவாதவருக்கு இன்னாங்க பயம்?"

"பயமா? எனக்கா? ஊத்து."

சட்டைக் கையின் ஓரத்தில் ஒரு சொட்டு விட்டாள். நீலம். நான் பரீட்சகராக இருந்தால் முழு மார்க் போட்டிருப்பேன்.

"எத்தினி இட்டிலி?"

"ரெண்டு."

புட்டியை மறுபடி சாய்த்தாள்.

"நாலு" என்றேன். "ரசாயனம் பொய் சொல்லாது அம்சா. பையன்களுக்கும் அதைத்தான் சொல்லிக்கினு இருக்கேன்."

"அப்பாவுக்கு ஜல்தியா ஒரு கார்டு போடுங்க. லீவு விட்டதும் வர்றோம்னு."

போட்டேன். தபால் பெட்டியில் சேர்த்துவிட்டும் வந்தேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை.

"ஏன் அம்சா, கையை அவ்வளவு கழுவினேனே. சட்டையில எப்படி ஒட்டிச்சு?"

"முதுகுல ஊத்திப் பாருங்க, அங்கயும் நீலந்தான்" என்றாள். "திங்கக்கிழமை கஞ்சி போட்டு ஒணத்தினதே நானுதானே."